22 வளைவும் ஒரு ரூபாய்ச் சீட்டும்

ஊர் சுற்றப் போவதற்கென்று உட்கார்ந்து திட்டம் போடும் வழக்கம் எங்கள் தலைமுறையில் கிடையாது. கேரளத்து வித்துரா சந்தைப் பக்கம் ஒரு மலைச்சரக்குக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு, 'வருகிற வெள்ளிக்கிழமை காலையில் புறப்படுகிறோம், அங்கே மழை எப்படி?' என்று தென்காசியிலிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர் போட்டால் வேலை முடிந்தது. மழை எப்படி என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை யாரும் காத்திருந்ததில்லை. சில தடவை நாங்கள் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தபால்காரர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவருவார். சித்தி அதை எங்கள் முன்னாலேயே பிரித்து, நாங்கள் வரப்போகிற செய்தியை எங்களுக்கே உரக்க வாசித்துக் காட்டுவாள். உங்கள் குடும்பத்திலும் அப்படியொரு சித்தப்பா இருந்திருப்பார், மூணாறிலோ வால்பாறையிலோ குற்றாலத்திலோ. அவர் இருந்ததால்தான் அந்த ஊரே நமக்கு வரைபடத்தில் இருந்தது.

பயணம் செங்கோட்டையில் தொடங்கும். 1904இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை. முன்னால் ஒரு கரி எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ள, பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் ரயில் நுழையும்போது பெட்டி முழுக்கப் புகையும் பிள்ளைகளின் கூச்சலும் நிரம்பி, வெளிச்சத்துக்கு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்து, கண்ணில் விழுந்த கரித்தூளை அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி எடுத்துவிடுவதற்குள் கழுதுருட்டியின் பதின்மூன்று வளைவுப் பாலம் வந்துவிடும். தென்மலையில் இறங்கி, திருவனந்தபுரம் போகும் கேரள அரசு பஸ்ஸைப் பிடித்தால் குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு. பாலோட்டில் இன்னொரு பஸ் மாறிப் பெரிங்ஙம்மலை வழியாக வித்துரா. அந்த பஸ்களில் ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்காது. மழை அடித்தால் சுருட்டிக் கட்டியிருந்த படுதாவை எல்லோரும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுவார்கள். நண்பகலில் பஸ்ஸுக்குள் இருட்டு. நனைந்த படுதாவின் வாடையும், யாரோ மடியில் வைத்திருந்த பலாப்பழத்தின் வாசமும் சேர்ந்து வரும். வெளியே என்ன ஊர் போகிறது என்று தெரியாமல், கண்டக்டர் சொல்லும் பெயரை நம்பி உட்கார்ந்திருப்போம். அந்த நம்பிக்கையில் ஒரு சுகம் இருந்தது. நகர்கிற நீலப்புள்ளியாக என்னையே நான் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு போகும் இன்றைய பயணத்தில் அது கிடைப்பதில்லை.

அந்த மீட்டர்கேஜ் 2010இல் நின்று, 2018இல் அகலப்பாதையாகத் திரும்ப வந்தது. இப்போது காரில் போனால் வீட்டுக் காபியின் ருசி நாக்கிலிருந்து போவதற்குள் எல்லை தாண்டி ஆரியங்காவு வந்துவிடுகிறது. வேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். முட்டுவலிக்காரியான என் மனைவியைப் படுதா பஸ்ஸில் இடத்துக்கு இடம் மாற்றிக் கூட்டிப்போக முடியாது.

ஆரியங்காவைச் சொல்லும்போது லாட்டரியைச் சொல்லாமல் எப்படி? கேரளத்தில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு சாகிப் 1967இல் அரசு லாட்டரியைக் கொண்டுவந்தார். 1968 ஜனவரி 26ஆம் தேதி முதல் குலுக்கல். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அதே 1968இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாட்டிலும் பரிசுச் சீட்டு வந்தது. எங்கள் அப்பா சொந்த ஊரில் ஒருநாளும் சீட்டு வாங்கியவரல்ல. வித்துராவுக்குப் போகும்போது மட்டும், சந்தை முக்கில் சைக்கிள் ஹாண்டில்பாரில் சீட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, 'நாளெயாணு, நாளெயாணு' என்று ராகம் போட்டுக்கொண்டு நிற்பவரிடம் ஒரே ஒரு சீட்டு வாங்கி, அதை என் சட்டைப்பையில் வைப்பார். அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வராது. விழுந்தால் என்னென்ன செய்வது என்று பட்டியல் போடுவேன்: ராலே சைக்கிள், சித்திக்கு ஒரு மர்ஃபி ரேடியோ, எல்லோருமாக ஓர் அம்பாசிடர் டாக்சியில் பொன்முடி மலைக்கு. அந்தப் பொன்முடிப் பாதையில் எண் போட்ட 22 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தேன். பணக்காரன் என்றால் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்கிறவன் என்பதே அந்த வயதில் என் கருத்து. இப்போதும் அது தப்பென்று தோன்றவில்லை.

முடிவு பேப்பரில்தான் வரும். சாயக்கடையில் ஒரே ஒரு பேப்பர், அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். லாட்டரி எண்கள் இருக்கும் தாள் யார் கையில் என்று பார்த்து, அவர் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பாவும் நானும் பதிமுகம் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீரை மெல்லக் குடித்தபடி காத்திருப்போம். அந்த நேரத்தில் சீட்டு இன்னும் விழாமல் போகவில்லை. ஒரு ரூபாய்க்கு நாங்கள் வாங்கியது முழுக்க அந்தக் காத்திருப்பைத்தான் என்று இன்றைக்கு நினைக்கிறேன், மலிவுதான்.

இன்றைக்குத் திருவனந்தபுரம் பேக்கரி ஜங்ஷன் பக்கத்தில் கோர்க்கி பவனில் பிற்பகல் மூன்று மணிக்குக் குலுக்கல், தினமும். முடிவு அப்போதே கைபேசியில் வந்துவிடும். விழவில்லை என்று தெரிந்த கையோடு நாளைக்கான சீட்டு நீட்டப்படுகிறது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது. சம்பள நாளில் சம்பளக் கவரோடு சீட்டுக் கடைக்குப் போய் நின்றவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தத் தடை சரி என்பேன். ஆனால் தடை எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டது. தென்காசியில் மூடிய கடைகள் ஆரியங்காவில் முளைத்தன. ஓணம் பம்பர் வந்தால் நம் ஊர் நம்பர் பிளேட் வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும்.

இப்படி எல்லை தாண்டிச் சீட்டு வாங்குவது நம்முடைய தனிச்சொத்து என்றுதான் நினைத்திருந்தேன். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் இருக்கும் என் அக்கா மகள் எங்களை லாஸ் வேகஸுக்கு அழைத்துப்போனபோது வேறொரு கதை தெரிந்தது. மொஹாவி பாலைவனம் வழியாக ஏறக்குறைய 430 கிலோமீட்டர். எந்த ஊரில் பெட்ரோல், எந்த ஊரில் கழிப்பறை, குளிர்பெட்டியில் ஆளுக்கு எத்தனை தண்ணீர் பாட்டில் என்று அரைமணிக்கொரு கட்டம் போட்டு வைத்திருந்தாள். வழியில் பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானி நிற்கிறது. பக்கத்து டெத் வேலியில் 1913இல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்காக அந்த உயரம் என்றாள். தண்ணீர்க் கணக்கில் அவள் காட்டிய கண்டிப்பு அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. எல்லையைத் தொட்டதும் பிரிம் என்ற சிற்றூர். நெவாடா 1931இலேயே சூதாட்டத்தைச் சட்டமாக்கிய மாநிலம், அதனால் கோட்டின் அந்தப் பக்கம் சூதாட்ட விடுதிகள் இருந்தன. ஆனால் அதே நெவாடாவின் அரசியல் சட்டத்தில் மாநில லாட்டரிக்கு இடமில்லை. ஆகவே கோட்டின் இந்தப் பக்கம், கலிஃபோர்னியா மண்ணில், ஒரு லாட்டரிக் கடை. ஊர் முழுக்கச் சூதாட்ட மேசை இருக்கிற வேகஸ்காரர்கள் பெரிய பரிசு சேரும்போதெல்லாம் அறுபது கிலோமீட்டருக்கு மேல் வண்டியோட்டி வந்து அங்கே சீட்டு வாங்குகிறார்களாம். "மாமா, நம்ம ஆரியங்காவு இங்கயும் இருக்கு பாத்தியளா" என்றாள். கோடு எங்கே இருந்தாலும் மனுஷன் அதன் மறுபக்கத்தில் இருப்பதைத்தான் பார்க்கிறான்.

வேகஸ் விடுதிக்குள் கடிகாரம் இல்லை, ஜன்னலும் இல்லை. இரவா பகலா என்று தெரியாத வெளிச்சத்தில், ஒரு பாட்டி இயந்திரத்தின் பொத்தானை ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் யாருமில்லை, பேச்சில்லை. வித்துரா சாயக்கடையில் சீட்டு விழாதவனைத் தேற்ற ஆறு பேர் இருந்தார்கள் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

அக்கா மகள் இந்த டிசம்பரில் பிள்ளைகளோடு வருகிறாள். வித்துராவையும் பொன்முடியையும் காட்டத் திட்டம் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாள், அரைமணிக் கட்டத்தோடு. எழுதி அனுப்பியதை இங்கேயும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

தென்காசியிலிருந்து வருகிறவர்கள் விடிவதற்கு முன் புறப்பட்டுக் குளத்துப்புழை சாஸ்தா கோயிலில் சிறிது நேரம் நிற்கலாம். ஆற்று மீனுக்குத் தீனி போடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். திருவனந்தபுரத்திலிருந்து வந்தால் நெடுமங்காடு வழி, வித்துரா ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பொன்முடி 60 சொச்சம். வித்துராவைத் தாண்டுமுன் பெட்ரோலும் சில்லறையும் கையில் இருக்கட்டும். கல்லார் கடந்து வனத்துறைச் சோதனைச் சாவடி, நுழைவுக் கட்டணம் உண்டு, பிளாஸ்டிக்கை அங்கேயே எடுத்துவைத்துவிடுவார்கள். சாயங்காலத்தில் வண்டியை மேலே விடமாட்டார்கள். மழை வலுத்தால் மண் சரிந்து பாதையை மூடிவிடுவதும் உண்டு, ஆகவே ஜூன், ஜூலையில் வருகிறவர்கள் சாவடியில் கேட்டுவிட்டே ஏறவேண்டும். 'மழை எப்படி?' என்ற எங்கள் பழைய கேள்வி இதில் மட்டும் இன்னும் செல்லும். கல்லாற்றில் காலை நனைக்கலாம், வட்டக்கயம் என்ற மடுவில் இறங்கவே கூடாது. தெளிந்த தண்ணீர், ஆழம் தெரியாது, அங்கே போன உயிர்கள் நிறைய. மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம், ஒரு கம்பளிச் சட்டை போதும். அகஸ்தியர்கூடம் ஏற ஆசைப்படுகிறவர்கள் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனக்காட்டுக்கு வந்து நிற்க வேண்டாம். 2008இல் தொடங்கிய ஐசர் என்ற அறிவியல் நிறுவனம் இப்போது வித்துராவில்தான் இயங்குகிறது. ரப்பர் ஷீட்டும் குருமிளகும் மணத்த அந்தச் சாலையில் இப்போது இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட வேகமாக நடந்து போகிறார்கள். வழி கேட்டால் இந்தியும் வரும், தமிழும் வரும்.

சீட்டைப் பற்றியும் எழுதினேன். வாங்கினால் ஒன்று, கடையில், கையால். கேரள அரசு ஆன்லைனில் விற்பதில்லை, கைபேசியில் வருகிற சீட்டெல்லாம் மோசடி. பின்பக்கத்தில் பெயர், முகவரி, கையெழுத்து போட்டுவிட வேண்டும். 5,000 ரூபாய்வரை சீட்டுக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், அதற்குமேல் என்றால் குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் உரிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 2022 ஓணம் பம்பரில் 500 ரூபாய்ச் சீட்டுகள் 60 லட்சத்துக்கு மேல் விற்றன. 25 கோடி விழுந்தது திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு. கமிஷனும் வரியும் போக 15.75 கோடி என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். சில நாளிலேயே, உதவி கேட்டு வருகிறவர்களின் கூட்டத்தால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று அவர் கைகூப்பிச் சொன்னதை நாடே பார்த்தது. அடுத்த வருஷம் அதே 25 கோடி தமிழ்நாட்டுக்காரர்கள் நால்வருக்கு, வாளையாறு எல்லையில் வாங்கிய சீட்டுக்கு. இந்த இரண்டு செய்தியில் முதலாவதைச் சொல்லி ஒருவரும் சீட்டை விட்டதாக நான் கேள்விப்படவில்லை, இரண்டாவதைச் சொல்லி வாங்கினவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். செட் செட்டாக வாங்குகிற அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஒரு சீட்டில் கிடைக்கிற கனவு பத்துச் சீட்டில் பத்து மடங்காவதில்லை.

அக்கா மகளுக்கு அனுப்பிய திட்டத்தில் காலை ஏழரைக்கு மலையேற்றம், ஒரு மணிக்கு இறக்கம், இரண்டு மணிக்கு வித்துராவில் மதியச் சாப்பாடு. மூன்றிலிருந்து ஐந்துவரை கட்டத்தை வெறுமனே விட்டிருந்தேன். அங்கே என்ன பார்க்கவேண்டும் என்று உடனே கேட்டிருந்தாள். மூன்று மணிக்குத்தான் சாயக்கடையில் ஏத்தக்காப்பம் எண்ணெயிலிருந்து ஏறும், கைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டு வா, முடிவை மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன்.