படகு வாங்கப்போகிறவர்

காலை ஆறரை மணிக்குச் சமையலறை மேடைமேல் இருக்கும் ரேடியோ பேசத் தொடங்கும். தென்மேற்குக் காற்று 20 நாட், அலை மூன்றடி, பிற்பகலில் இடியுடன் மழை, சிறு படகுகளுக்கு எச்சரிக்கை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பவர் கத்தியை அந்தரத்தில் நிறுத்தி, “இன்றைக்கு வெளியே போவது உசிதமில்லை” என்பார். மனைவி தலையாட்டுவார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். அவரிடம் சிறு படகும் கிடையாது, பெரிய படகும் கிடையாது.

அவர் படகு வாங்கப்போகிறவர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவை ஒட்டிய ஊர்களில், தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வயது 45ஐத் தொட்டிருக்கும். வாஷிங்டனில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் நல்ல வேலை. மனைவி, ஒரு மகள், ஒரு மகன், ஒரு நாய். வெள்ளிக்கிழமை மாலை குடும்பத்தோடு பாய் விரித்துக் கிளம்ப வேண்டும், ஏதாவது ஒரு கழிமுகத்தில் நங்கூரம் போட வேண்டும், படகிலேயே படுத்து எழுந்து ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும். பிற்பாடு ஒரு காலத்தில் பஹாமாஸ் வரை போகலாம். ஆசை இவ்வளவுதான், தப்பும் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் தங்கக்கூடிய புதுப் பாய்மரப் படகின் விலைக்கு ஒரு வீடே வாங்கிவிடலாம். ஆகவே பழைய படகு. அதுவும் கைக்கு அடக்கமான விலையில், நல்ல நிலையில் உள்ள பழைய படகு. அப்படி ஒன்று கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மற்றவர்களுக்கு ஒரே கோடையில் விளங்கிவிடும். இவருக்கு மட்டும் ஒவ்வொரு கோடையும் முதல் கோடை.

படகு இல்லையே தவிர, மற்றதெல்லாம் வீட்டில் தயார். ஈரத் தளத்தில் வழுக்காத வெள்ளை அடிச் செருப்பு இருக்கிறது. புயல் மழைக்கென்று வாங்கிய மஞ்சள் கோட்டு இருக்கிறது. குப்பைத் தொட்டியைத் தெருமுனையில் வைக்கப் போகும்போது அதைப் போட்டுக்கொள்வார். விரிகுடாவின் வரைபடங்கள் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கின்றன. மகனுக்கு வாங்கிய உயிர்காப்பு அங்கி அவனுக்குச் சிறியதாகி, அடுத்த அளவு வாங்கி, அதுவும் இப்போது சிறியதாகிவிட்டது. இரண்டும் ஒரு தடவைகூட நனையவில்லை.

இவருடைய குலதெய்வம் ஜோஷுவா ஸ்லோகம். தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் ஆள். 1895ல் பாஸ்டனில் கிளம்பி 1898ல் திரும்பினார். ஆனால் இவர் மயங்கியது அந்த வீரத்தில் இல்லை, விலையில். ‘ஸ்ப்ரே’ என்ற அந்தப் படகு, வயல்வெளியில் மூடிக் கிடந்த கிழட்டுச் சிப்பிப் படகு. ஸ்லோகமுக்கு இனாமாக வந்தது. 13 மாதம் தானே உளியும் கையுமாக உட்கார்ந்து புதுப்பித்தார். சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட். அந்த 62 சென்ட் வரை இவருக்கு மனப்பாடம். கல்யாண நாளை மட்டும் அலைபேசிதான் நினைவூட்ட வேண்டும். அதே ஸ்லோகம் 1909ல் அதே படகில் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை என்பதையும், உலகைச் சுற்றப் போனபோது மனைவியை அழைத்துப்போகவில்லை என்பதையும் வீட்டம்மாள் எங்கேயோ படித்துவிட்டார். அதற்கு இவர் வைத்திருக்கும் பதில்: “அது வேறு விஷயம்.”

இன்னொரு பலவீனம் வெஸ்ட்ஸெயில் 32. எழுபதுகளில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தைப் பைத்தியமாக்கிய படகு. 1973ல் ‘டைம்’ பத்திரிகையே அதைப் பற்றி எழுத, வேலையை உதறிவிட்டு டஹிட்டிக்குப் போய்விடலாம் என்று ஊரில் பாதிப் பேர் கனவு கண்டார்கள். 32 அடிதான் நீளம், எடையோ ஒன்பது டன். 1991ல் அட்லாண்டிக்கில் ஒரு பெரும் புயல் அடித்ததே, பிறகு புத்தகமாகவும் சினிமாவாகவும் வந்ததே, அதில் ‘சடோரி’ என்றொரு வெஸ்ட்ஸெயில் மாட்டிக்கொண்டது. படகிலிருந்த ஆட்களைக் கடலோரக் காவல் படை மீட்டது. ஆளில்லாத படகு அது பாட்டுக்கு மிதந்து வந்து, இதே மேரிலாந்தின் அசடீக் தீவு மணலில் பெரிய சேதமில்லாமல் ஒதுங்கியது. இந்தக் கதையை விருந்தாளிகள் வரும்போதெல்லாம் கண்கலங்கச் சொல்லுவார். ஒரு தடவை மனைவி குறுக்கிட்டுக் கேட்டார்.

“படகு பத்திரம், சரி. ஆட்களை எதில் கூட்டிவந்தார்கள்?”

“ஹெலிகாப்டரில்.”

“அப்போ ஹெலிகாப்டர் பார்க்கலாமே.”

அம்மாள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. செசபீக் விரிகுடாவின் சராசரி ஆழம் 21 அடி. கரையோரக் கழிமுகங்களில் அதுவும் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் காற்று செத்துப்போகும். நண்டுக்கூண்டு மிதவைகள்கூட அசையாமல் நிற்கும். இந்த நீருக்கு வேண்டியது அடிப்பாகம் ஆழமாக இறங்காத, லேசான, நிழல் தரும் துணிக்கூரையும் கொசுவலையும் உள்ள ஒரு சாதுப் படகு. இவர் தேடுவதோ கேப் ஹார்ன் முனையில் மலை மலையாய் அலை அடித்தாலும் தாங்குகிற படகு. எதற்கு என்றால், சனிக்கிழமை மத்தியானம் செயின்ட் மைக்கேல்ஸ் ஊருக்குப் போய் நண்டு சாப்பிட்டுவிட்டு வர.

கணினியில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார். வரிசைக்கு ஒரு படகு: நீளம், அகலம், எடை, அடியில் தொங்கும் கீல் ஈயமா இரும்பா, என்ஜின் டீசலா பெட்ரோலா. பெட்ரோல் என்றால் சிவப்பு நிறம். அறுபது எழுபதுகளின் படகுகளில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் என்ஜின்தான் அதிகம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். அதனால் சாவி திருகும் முன் நான்கு நிமிடம் விசிறியை ஓடவிட வேண்டும். இதைப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்கள். வேகத்துக்கும் ஒரு பத்தி உண்டு. படகு நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34 ஆல் பெருக்கினால் அந்தப் படகு சௌகரியமாக எட்டக்கூடிய உச்ச வேகம் வரும். 25 அடிக்கு 6.7 நாட். அதாவது மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், பள்ளிக்கூடப் பையன் சைக்கிள் மிதிக்கும் வேகம். இரண்டு படகுகளுக்கு நடுவே உள்ள கால் நாட் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இவர் ஒரு குளிர்காலத்தையே ஓட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை படகு பார்க்கும் நாள். யார்டில் படகுகள் இரும்புக் கால்களின்மேல் தரையில் நிற்கும், பக்கத்தில் ஏணி சாய்ந்திருக்கும். புரோக்கர் காரைப் பார்த்ததுமே ஆளைக் கண்டுகொள்வார். சொந்தமாக டார்ச் லைட் கொண்டுவருகிறவர் வாங்க மாட்டார் என்பது அந்தத் தொழிலில் ஒரு கணக்கு. “சாவி இந்தாருங்கள், ஏணி கொஞ்சம் ஆடும்” என்று சொல்லிவிட்டுத் தன் சாண்ட்விச்சுக்குத் திரும்பிவிடுவார்.

மேலே ஏறியதும் இவர் வேறு மனிதர். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, அதன் பிடியால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டத் தொடங்குவார், சந்தையில் தேங்காய் பொறுக்குகிற பாட்டியைப் போலத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து. விஷயம் என்னவென்றால், ஃபைபர்கிளாஸ் படகின் தளம் முழுக்க ஃபைபர்கிளாஸ் அல்ல. இரண்டு தகட்டுக்கு நடுவே பெரும்பாலும் பால்சா என்ற லேசான கட்டை. தளத்தில் திருகிய ஆணி வழியாக முப்பது வருட மழை கசிந்திருந்தால், உள்ளே கட்டை கூழாகியிருக்கும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று பேசும். ஊறின இடம் ‘தொப்’ என்று அமுங்கும். ‘தொப்’ கேட்டவுடன் இவர் முகத்தில் வரும் பிரகாசத்தைப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் டாலர் மிச்சமானவரின் பிரகாசம் அது.

பிறகு உள்ளே இறங்கி மூக்குக்கு வேலை. பழைய படகுக்கென்று ஒரு வாசனை உண்டு: டீசல், பூஞ்சை, ஈர மெத்தை, இவற்றுக்கெல்லாம் அடிநாதமாகக் கழிவறைக் குழாய். அந்தக் குழாயைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியால் வெளிப்புறத்தை நன்றாகத் தேய்த்து, துணியை முகர்ந்து பார்க்க வேண்டும். நாற்றம் துணியில் ஏறியிருந்தால் குழாயின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இவர் அதற்காகச் சின்ன ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோகிறார். துணிக்குச் சொந்தக் கைக்குட்டை. ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளக்க, சோதனை முடிந்து ஏணியில் இறங்கியவர் ஞாபகமறதியாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்கக் கார்க் கண்ணாடிகள் நான்கும் இறங்கியே இருந்தன.

குடும்பம் கூட வரும் நாள்களில் விசாரணை வேறு திசையில் போகும். விளம்பரத்தில் ‘6 பேர் படுக்கலாம்’ என்று இருக்கும். நடைமுறை இது: முன்மூக்கில் இருவர் பாதங்கள் பின்னிக்கொள்ளப் படுக்கலாம், சாப்பாட்டு மேசையை இறக்கிப் பலகை போட்டால் இருவர், படிக்கட்டுக்கு அடியில் மேசை டிராயரைத் தள்ளுவதுபோல் ஒருவரைத் தள்ளலாம், ஆறாவது ஆள் யாரோடும் பகை இல்லாதவராக இருக்க வேண்டும். மகன் உள்ளே நுழைந்து, நாய் எங்கே என்று கேட்பான். மகள் எங்கே நின்றாலும் தலை இடிக்கும்; பன்னிரண்டு வயதில் வளர்ந்துகொண்டிருக்கிற பெண்ணுக்கு இது அவமானம். மனைவி கேட்பது ஒரே கேள்வி. “கழிவறைக்குக் கதவு இருக்கிறதா?” பல பழைய படகுகளில் திரைச்சீலைதான். “திரை இருக்கிறது, ஆனால் தளம் பிரமாதம்!” என்று இவர் மேலேயிருந்து கத்துவார். எனக்குத் தெரிந்து, குடும்பப் படகு எது என்ற சர்ச்சையில் இதுவரை கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அந்த அம்மாளுடையது.

விலைக் கணக்குக்கு வருவோம். எண்பதுகளில் கட்டிய முப்பதடிப் படகு ஒன்று 12,000 டாலருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் சர்வேயர் ஒருவர் படகைப் பரிசோதிக்க வேண்டும். அடிக்கு 25 டாலர் என்றாலும் 750. கிரேன் வாடகை தனி. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துகிற எஃகு வடங்களுக்கு வயது பத்துப் பதினைந்தைத் தாண்டியிருந்தால், அதை மாற்று என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் நிற்பார்கள். பாய் நைந்திருக்கும். மரினா என்கிற படகுத்துறையில் நிறுத்த வருடத்துக்குச் சில ஆயிரம். இப்படிப் போட்டுக்கொண்டே போனால் முதல் வருடத்திலேயே இன்னொரு படகின் விலை போய்விடும். விலை குறையக் குறைய இந்தச் செலவு ஏறும். இனாமாகக் கிடைக்கிற படகுதான் உள்ளதிலேயே அதிகம் விழுங்கும். இதையெல்லாம் நம்மவர் பிறருக்கு விளக்கிச் சொல்வார், அட்டவணையோடு. சொல்லிவிட்டு, யாரோ வேலியோரம் போட்டுவிட்டுப் போன இனாம் படகைப் பார்க்க டெலவேர் வரை வண்டி ஓட்டுவார்.

அக்டோபரில் அனாபொலிஸில் பாய்மரப் படகுக் கண்காட்சி. 1970ல் தொடங்கியது. புதுப் படகு வாங்கப்போவதில்லை என்றாலும் தவறாமல் போவார். வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டு, ஏறிப் பார்த்து, “மிதக்கும் ஓட்டல்” என்று முகம் சுளிப்பார். மனைவியும் மகளும் அதே படகிலிருந்து சொக்கிப்போய் இறங்குவார்கள். அதில் இரண்டு கழிவறை, இரண்டுக்கும் கதவு.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுக்காரர் புகுந்து காரியத்தைக் கெடுத்தார். அவர் குழாய் வேலை செய்கிறவர், பிளம்பர். படகைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கோ குழாய் மாற்றப் போன இடத்தில் ஒரு காட்டலினா 30ஐப் பார்த்திருக்கிறார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்ட ரகம் அது; விரிகுடாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நிற்கும். யோசனை கேட்க நம்மவரிடம் வந்தார். நம்மவர் மூன்று மணி நேரம் பேசினார். கீலும் உடம்பும் சேரும் இடத்தில் அந்த ரகப் படகுக்கு ஒரு விரிசல் விழும், அதற்குக் ‘காட்டலினா சிரிப்பு’ என்றே பெயர் என்று படம் போட்டுக் காட்டினார். கடலில் போகிற வழியில் கீல் போல்ட் முறிந்தால் என்ன ஆகும் என்று மேசைமேல் உப்புக் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினார். பிளம்பர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்.

“ஒழுகுமா?”

“நிச்சயம் ஒழுகும்.”

“ஒழுகினால் அடைக்கத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனவர், சாயங்காலத்துக்குள் வாங்கிவிட்டார்.

ஜூன் மாதம், ஜெல்லி மீன் வருவதற்கு முன்னால், இரண்டு குடும்பமுமாக அனாபொலிஸிலிருந்து தெற்கே ரோட் ஆற்றுக் கழிமுகத்துக்குப் போனார்கள். இரண்டு மணி நேரப் பயணம். நங்கூரம் விழுந்ததும் பிள்ளைகள் நீரில் குதித்தார்கள். நாயும் குதித்தது. மனைவி தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு நாவலில் நாற்பது பக்கம் படித்தார். நம்மவரைக் காணவில்லை. அரை மணி நேரம் கழித்துப் படியில் அவர் தலை தெரிந்தது. முட்டிவரை எண்ணெய், கையில் துருப்பிடித்த ஒரு குழாய் வளையம், முகத்தில் அந்தப் பழைய பிரகாசம். “நான் சொன்னேன் அல்லவா!” என்று அதை உயர்த்திக் காட்டினார். பிளம்பர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இதைக் கழற்றிவிட்டீர்களா?” என்று கேட்டபடி கீழே ஓடினார். அந்த ஒரு தடவைதான் அந்தப் படகுக்குள் தண்ணீர் வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாளும் பிள்ளைகளும் பிளம்பர் குடும்பத்தோடு படகில் போகிறார்கள். மகளுக்குச் சுக்கான் பிடிக்க வந்துவிட்டது. மகனுக்கு மூன்றாவது உயிர்காப்பு அங்கி, இது நனைந்தது. நம்மவருக்கும் வசதிதான், சனிக்கிழமையோடு ஞாயிறும் யார்டுக்குக் கிடைக்கிறது. போன வாரம் பார்த்தபோது அவசரத்தில் இருந்தார். குடும்பத்துக்குத் தண்ணீர் பழகிவிட்டது, இனி முப்பதடி காணாது, 36 அடி பார்க்க வேண்டும் என்றார். பழைய அட்டவணையை அப்படியே வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார்.