அம்பாசிடருக்கு ஒரு மருத்துவக் குழு

வங்காளத்து உத்தர்பாராவில் 2014-லேயே அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். காரைக்குடிக்கு யாரும் முறைப்படி தகவல் சொல்லவில்லை போலும். கல்யாணம், காதுகுத்து என்றால் இன்றும் ஒன்று ஷெட்டிலிருந்து புறப்பட்டுவிடுகிறது. சித்திரை வெயிலில், செக்காலை ரோட்டில், விக்கி நிற்கிறது.

நிற்கட்டும். புது வண்டி நின்றால் கம்ப்யூட்டரைச் செருகி, ஒரே ஆள் ஒரே நிமிஷத்தில் காரணம் சொல்லிவிடுகிறான். என்ன சர்வாதிகாரம்! அம்பாசிடர் நின்றால்தான் ஜனநாயகம். டீக்கடைக்காரர் "பிளாட்டினம் தேஞ்சு போச்சு" என்பார். பூக்காரம்மா "எலுமிச்சம்பழம் வச்சீகளா?" என்பார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது என்னும் கட்சி, பம்பின் மேல் ஈரத்துண்டைப் போர்த்தும். காயில் கட்சி அதே துண்டைப் பிடுங்கிக் காயிலுக்குப் போர்த்தும். பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கலாமே என்றான் ஒரு பொடியன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அடக்கிவிட்டோம்.

பின்சீட்டு ஆச்சி மட்டும் இறங்கவில்லை. "வண்டியத்தானப்பா தள்ளுறீக, நான் எதுக்கு இறங்கணும்?"

அரை மணியில் சூடு தணிந்தது. எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி உறுமிக் கிளம்பிற்று. வெற்றி பழத்துக்கே என்று ஏகமனதாகத் தீர்மானம்.

வாய் திறக்காமல் பின்னால் நின்றவர், 1953 முதல் இவ்வூரில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், அதான் நம்ம சிக்ரியில், பேட்டரி ஆராய்ச்சி செய்கிறவராம். நல்ல மனிதர். தள்ளச் சொன்னதும் வந்து தள்ளினார்.