தரகர் இல்லாத கல்யாணம்

கேள்வி: அணுக்களை ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே குளிரவைத்தால் உறைந்து கட்டியாகிவிடாதா?

பதில்: கட்டியாகத்தான் துடிக்கும். அதற்கு வாய்ப்பே தராமல் இருப்பதில்தான் சாமர்த்தியம். 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இயற்பியலாளர்கள் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ருபீடியம் வாயுவை ஒரு கெல்வினில் கோடியில் இரண்டு பங்குக்கும் கீழே குளிர்வித்தார்கள். அது காற்றைவிட லட்சம் மடங்குக்கு மேல் மெலிந்த வாயு. கட்டிதட்ட மூன்று அணுக்களாவது ஒரே இடத்தில் கூட வேண்டும்; அங்கே அது அபூர்வம்.

கேள்வி: ஜோடி சேர இரண்டு போதுமே, மூன்றாவது எதற்கு?

பதில்: தரகு வாங்க! இரண்டு அணுக்கள் பிணையும்போது மிஞ்சுகிற ஆற்றலை யாராவது எடுத்துப்போக வேண்டும்; இல்லாவிட்டால் வந்த வேகத்திலேயே பிரிந்துவிடும். மூன்றாவது அணு அதை வாங்கிக்கொண்டு ஓடும். ஓடும்போது கொடுக்கிற உதையில் புதுத்தம்பதியும், அணுக்களை அடைத்துவைத்திருக்கும் பொறி என்கிற வீட்டைவிட்டு எகிறிப்போகும் என்பதுதான் சோகம்.

எனவே தரகரை விலக்கிவிட்டுக் காந்தத்தைக் கூப்பிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட காந்தப்புலத்தில், தனித்திருக்கும் இரண்டு அணுக்களின் ஆற்றலும் பிணைந்த நிலையின் ஆற்றலும் சமமாகிவிடும். ஃபெஷ்பாக் ஒத்ததிர்வு என்று பெயர். புலத்தை மெல்ல நகர்த்தினால் ஜோடி சத்தமில்லாமல் மூலக்கூறாகிவிடும். 2003-இல் போல்டரில் டெபோரா ஜின் குழு பொட்டாசியத்தில் இந்த வழியில் மூலக்கூறுகளை உண்டாக்கி, அவற்றையே போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளாக்கியது, அதாவது ஒரே குவாண்டம் நிலையில் சேர வைத்தது; அதே ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ருடால்ஃப் கிரிம் குழு ஒத்ததிர்வுக்கு அருகே லித்திய மூலக்கூறுகளைச் செறிபொருளாக்கியது.

கேள்வி: அந்த முடிச்சு நிற்குமா?

பதில்: தொளதொள முடிச்சு. இறுக்கியது லேசர். 2008-இல் ஜின்னும் சக ஆய்வாளர் ஜுன் யேவும் பொட்டாசியம்–ருபீடியம் மூலக்கூறுகளை இரண்டு லேசர்களால் அடிமட்ட நிலைக்கு இறக்கினார்கள். மிஞ்சிய ஆற்றல், வெப்பமாகக் கணக்கிட்டால், ஏறக்குறைய சூரியனின் மேற்பரப்பு அளவு. அத்தனையும் ஒளியாகவே வெளியேறியது. வாயுவுக்குச் சூடு தட்டவில்லை!

இரண்டு ஆண்டுகளில் இன்னொரு வம்பு தெரியவந்தது. அந்தக் குளிரிலும் இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தால் ஜோடி மாறிக்கொள்ளும்: பொட்டாசியம் பொட்டாசியத்தோடு, ருபீடியம் ருபீடியத்தோடு.

கேள்வி: தடுக்க வழி?

பதில்: மைக்ரோவேவ். சமையலறையில் குழம்பைச் சூடாக்குகிற அதே வகை அலை, இங்கே மூலக்கூறுகளை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் விலக்கிவைக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் வில் குழு இந்த வேலியைப் போட்டுத்தான் சோடியம்–சீசியம் மூலக்கூறுகளைச் செறிபொருளாக்கி, 2024-இல் அறிவித்தது. வெப்பநிலை, ஒரு கெல்வினில் நூறு கோடியில் ஐந்து பங்கு.