ஸ்டேட்டஸ் வைத்த ஆசிரியர்

தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் முதலில் பார்ப்பவர் தாளாளர். அடுத்து எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் பெற்றோர். ஆசிரியரின் சொந்த மைத்துனர் பார்ப்பதற்குள் ஸ்டேட்டஸின் 24 மணி நேர ஆயுளே முடிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, பள்ளிகள் போடும் சமூக ஊடகக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் ஆசிரியர் என்ன உடுத்தினார், யாரோடு கோவா போனார், கையில் இருந்த டம்ளரில் மோரா வேறா என்ற விசாரணையாகவே இருக்கின்றன. இவர்கள் உற்றுப் பார்ப்பது தப்பான படத்தை என்பது என் கட்சி. ஆசிரியர் தன் படத்தைப் போடுவதால் பள்ளிக்கூடம் இடிந்துவிடாது. மாணவனின் படத்தைப் போடும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

2006-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பயிற்சி ஆசிரியை, கடற்கொள்ளையர் தொப்பியும் பிளாஸ்டிக் கோப்பையுமாக எடுத்த படத்தைக் ‘குடிகாரக் கொள்ளையர்’ என்ற பொருள்படும் தலைப்போடு மைஸ்பேஸில் வைத்திருந்தார். பல்கலைக்கழகம் கல்வியியல் பட்டத்தை மறுத்து, ஆங்கிலப் பட்டம் கொடுத்து அனுப்பியது. (ஆங்கிலம் படித்தவர் குடித்தால் பாதகமில்லை போலும்.) வகுப்பறையிலும் குறைகள் இருந்தன என்று பல்கலைக்கழகம் வாதிட்டது, 2008-இல் அவர் வழக்கில் தோற்றார். ஆனால் உலகத்தின் நினைவில் நின்றது அந்தத் தொப்பிதான். அதை அணிந்ததால் எந்தக் குழந்தைக்கு என்ன கேடு என்பதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

இப்போது எவரும் விசாரிக்காத படத்துக்கு வருவோம். ‘அக்பரின் தந்தை யார்?’ என்ற கேள்விக்கு ஒரு பையன் ‘அக்பரின் தாயாருடைய கணவர்’ என்று எழுதுகிறான் என்று வையுங்கள். வரலாற்றுப்படி இதில் பிழையே கிடையாது. ஆசிரியர் அந்த விடைத்தாளைப் படம் பிடித்து, சிரித்து உருளும் பொம்மைகள் மூன்றோடு பதிவேற்றுகிறார். பெயரை மறைத்தாலும் கையெழுத்தை வகுப்பே அறியும். சாயங்காலத்துக்குள் தெருவும் அறியும். பையனுக்குக் கிடைத்தது பூஜ்யம், ஆசிரியருக்கோ ஆயிரம் லைக். ஆசிரியராகத் தகாதவரை நன்னூலில் பவணந்தி முனிவர் முடத்தெங்குக்கு ஒப்பிட்டார்: நீர் ஊற்றுவது ஒருவர், காய் விழுவது அடுத்தவர் தோட்டத்தில். இன்ஸ்டாகிராமை அவர் பார்த்திருக்க வழியில்லை. ஆளை மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறார்.

‘ரீல்ஸில் பிள்ளைகள் சந்தோஷமாகத்தானே ஆடுகிறார்கள்?’ என்பார்கள். அக மதிப்பெண் போடுகிறவரே ஆடச் சொன்னால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்னும்? 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டுதான். ஆனால் ஒரு வகுப்பு முழுவதையும் வீடு என்று வாதாடக் கொஞ்சம் பெரிய வக்கீலாகப் பார்க்க வேண்டும். நல்ல வகுப்பைக் காட்டும் வீடியோவால் அரசுப் பள்ளிக்குச் சேர்க்கை கூடும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. கரும்பலகையையும் ஆசிரியரையும் காட்டினாலே போதும். அவர்தான் ஏற்கெனவே தயாராகத் தலை சீவி நிற்கிறாரே.

‘அப்படியானால் ஆசிரியர் எதை வேண்டுமானாலும் பேசலாமா, நடத்தை விதிகள் எதற்கு?’ என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நியூயார்க் தெருவில் முதல் கைப்பேசி அழைப்பு பேசப்பட்டதும் அந்த ஆண்டுதான். இரண்டும் ஒன்றை ஒன்று எதிர்பார்க்கவில்லை. அரசு வேலையில் இருப்பதாலேயே ஒருவரின் பேச்சுரிமை பறிபோவதில்லை என்று 2020-இல் ஒரு ஃபேஸ்புக் பதிவு வழக்கில் திரிபுரா உயர் நீதிமன்றம் சொன்னது. விதிகளின் எல்லைக்குள் நின்று ஆசிரியர் தன் கருத்தைப் பேசட்டும், பிரியாணியைப் படம் போடட்டும். பையனின் விடைத்தாள் அவர் கருத்தும் இல்லை, பிரியாணியும் இல்லை.

இதைச் சுற்றறிக்கையாக எழுதப் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. எழுதி முடித்த கையோடு, பேருந்து நிலையத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முகமும் மதிப்பெண்ணுமாகத் தாங்கள் கட்டிய ஃப்ளெக்ஸை அவிழ்க்க ஆள் அனுப்ப வேண்டும்.