சிபாரிசு அவனுடையது

சிநேகிதனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. கையெழுத்தே போடாமல் மாட்டிக்கொண்டவன் நான். என் சிநேகிதன் வேளாங்கண்ணி மாதாவிடம் என் பேரில் நேர்ந்துகொண்டு வருவான்.

கல்லூரி நாளிலேயே தொடங்கிய வழக்கம். ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேறிவிட்டால் ஆள் வீட்டில் தங்கமாட்டான். காவி வேட்டியைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து நடை. 2010இல் ரயில் விட்ட பிறகும் நடந்தான். ரயிலில் போனால் மாதா டிக்கெட் கேட்பாளாம். திரும்பி வந்து சாவகாசமாகச் சொல்வான்: "அரியர் பாஸாயிட்டா மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேன்டா."

"யாருக்கு மொட்டை?"

"உனக்குத்தான். சிபாரிசு என்னுது, செலவு உன்னுது."

நொண்டியாய்க் கிடந்த மோர்க்காரப் பையனையே நாகப்பட்டினத்துக்கு ஓடவைத்தவளுக்கு என்னைப் பாஸாக்குவதா கஷ்டம் என்பது அவன் கட்சி. பாஸானேன். பெண் பார்க்க மொட்டைத் தலையோடு போனேன். "முளைச்சுரும்" என்று பெண்வீட்டாருக்கு உத்தரவாதம் கொடுத்தவனும் அவனே. முளைத்தது. பிறகு அது தானாகவே கிளம்பிப் போனதற்கு மாதா பொறுப்பில்லை.

வீட்டுக் கடன் கிடைத்ததற்குத் தகட்டு வீடு. கோயில் பக்கத்துக் கடைகளில் கண், கை, கால், தொட்டில் என்று விற்பார்களே, அதில் ஒன்று. அந்தக் குட்டி வீடு ஒழுகாது. பெண் பிறந்ததற்குத் தென்னங்கன்று. விபூதி நெற்றியோடு மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் அங்கே ஏராளம் என்பதால் எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு முறை எனக்குத் தஞ்சாவூர் மாற்றல் கிடைக்காமல் போயிற்று. மறுவாரம் அவன் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். "ஆச்சுன்னா நீ கட்டணும். ஆகலைன்னா சிபாரிசு பண்ணினவன் கட்டணும்" என்றான். இப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

போன வருஷம் அவன் படுத்துவிட்டான். "என் பேர்ல எதுவும் நேர்ந்து தொலைச்சுடாதே, கட்டற நிலைமையில நான் இல்ல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே எச்சரித்தான். ஆகவே என் பேரிலேயே நேர்ந்துகொண்டேன்: பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை மணல் பாதையில் முழங்காலிட்டுப் போவது. முழங்கால்களை நான் கலந்தாலோசிக்கவில்லை.

அவன் பிழைக்கவில்லை.

"காரியந்தான் ஆகலையே, எதுக்கு இந்த வேலை?" என்றாள் மனைவி. மளிகைக் கணக்கு பார்ப்பவள். அவள் முறைப்படி அது சரி. சிபாரிசு பண்ணினவன் நானாயிற்றே என்றேன். முறைத்துவிட்டு, குடையும் தைலமுமாகக் கூடவே வந்தாள்.

மணல் காய்ந்தது. பேத்தியை இடுப்பில் வைத்திருந்த கிழவி ஒருத்தி முழங்காலாலேயே என்னை முந்திக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "எம்புட்டு பக்தி பாரு, அழுதுக்கிட்டே வாராரு" என்றாள் யாரிடமோ.

"பக்தியெல்லாம் இல்லீங்க, மூட்டுல ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்றாள் என் மனைவி, குடையை என் முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு.