பஞ்சு கழுவு படலம்

அட்டன், நுவரெலியா வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் மீன்தொட்டி வைத்திருப்போரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. பில்டர் பஞ்சைக் கழுவலாமா, கழுவினால் எந்தத் தண்ணீரில், எத்தனை நாளைக்கு ஒருமுறை? சம்பளப் பேச்சுவார்த்தையிலாவது இழுத்துப் பறித்து ஒருநாள் கையெழுத்து விழும். இதில் அதுவும் இல்லை. ஆகவே சைவ சித்தாந்திகள் காட்டிய வழியில் பிறர் மதத்தைப் பரபக்கமாகவும் தன் மதத்தைச் சுபக்கமாகவும் வகுத்து இந்நூல் செய்யப்படுகிறது. நூற்பயன்: மீன் சாகாமை.

முதலில் வரலாறு, அது இல்லாமல் ஆய்வு என்று யாரும் ஒப்பமாட்டார்கள். 1829இல் இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட் ஒரு கூட்டுப்புழுவை மண்ணோடு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, அந்துப்பூச்சி வெளிவரக் காத்திருந்தார். முளைத்தது பன்னச்செடி. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டியில் ஏறித்தான், ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்திலிருந்து கிளப்பிய தேயிலைக் கன்றுகள் 1850ஐ ஒட்டி இமயமலைப் பக்கம் போய்ச் சேர்ந்தன. அதே 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற இலண்டன் வேதியியலார், தங்கமீனையும் நீர்ச்செடியையும் நத்தையையும் ஒரே தொட்டியில் சேர்த்து வாழவைத்த கதையை எழுதி வெளியிட்டார். வார்டின் பெட்டி அந்தத் தொட்டிக்கும் முன்னோடிதான். ஆக, தேயிலைக்கும் மீன்தொட்டிக்கும் பாட்டன் ஒருவரே. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கர் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்காளி முறைக்காவது பக்கத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கலாம்.

இனிப் பரபக்கம். முதலாவது அப்பாயி மதம். கொழுந்தெடுத்து ஓய்ந்த கை சும்மா இருக்காது. பஞ்சை உருவிக்கொண்டு பீலிக்குப் போய், சன்லைட் சவர்க்காரம் போட்டுக் கசக்கி, கொடியில் காயப்போட்டுவிட்டுத்தான் அப்பாயி திரும்புவார். கேட்டால், “எந்த வீட்லடா அழுக்குத் துணியத் தண்ணிக்குள்ளயே வச்சிருப்பாங்க?” வாதம் வலுவானது. ஆனால் சில நாளில் தொட்டி வெளுத்துக் கலங்கும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

இரண்டாவது மேல்லயத்து மாமாவின் மதம். “ஓடுற மெஷின நோண்டாத மாப்ள” என்பதே இதன் மூலநூலும் உரையும். நோண்டாமல் விட்டால் பஞ்சு அடைந்து நீரோட்டம் நூலாகி, மோட்டர் முனகத் தொடங்கும். மேயிலிருந்து செப்டெம்பர் வரை வட்டவளைப் பக்கம் கொட்டும் மழையில் குழாய்த் தண்ணீரோடு வரும் மண்ணும் அதில் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது டவுன் கடை மதம்: மாதம் ஒரு புதுப் பஞ்சு. இதன் தத்துவம் வெளிப்படை, ஆராய ஒன்றுமில்லை.

சுபக்கத்துக்குச் சூத்திரம் ஒன்று வேண்டும் என்பதால்:

அழுக்கென ஒளிந்தவை ஆளென அறிந்து
தொட்டிநீர் தன்னில் தோய்த்துப் பிழிக.

உரை. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அமோனியா வருகிறது. அதை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரைட்டை இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும், அதை மீன் ஓரளவு தாங்கும். இப்படி வேலை செய்யும் கிருமிகளை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி. இரண்டாவது வேலை நைட்ரோபாக்டருடையது என்று நெடுங்காலம் பாடம் நடந்தது. நன்னீர்த் தொட்டியில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1998இல்தான் வெளிச்சமானது. உழைத்தவர் ஒருவர், செக்ரோல் எனும் நாட்கூலிப் பதிவில் பேர் விழுந்தது இன்னொருவருக்கு என்பது தோட்டத்தாருக்குப் புதுச் செய்தியா? 2015இல் வேறொரு திருப்பம் வந்தது. நைட்ரோஸ்பைராவில் சில இனங்கள் இரண்டு வேலையையும் தாமே முடிக்கின்றன. அப்படிப்பட்டவை அகப்பட்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்பமைப்பின் பில்டர். கொழுந்தும் எடுத்து, கவ்வாத்தும் வெட்டி, பேர் மட்டும் ஒன்று.

பஞ்சு இந்தக் கிருமிகளுடைய லயம். ஒவ்வொரு துளையும் ஒரு காம்பரா, உள்ளே நெருக்கியடித்துக் குடித்தனம். பங்களா பளபளப்பது லயத்தாரின் வேலையால். லயம் அழுக்கு என்று சொல்கிறவர் எப்போதும் பங்களாவிலிருந்து பார்க்கிறவர்தான். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று, அவர்களைக் கேட்காமலே தீர்த்தது. சவர்க்காரக் கழுவலும் அந்த மாதிரி நிர்வாகம்தான். பஞ்சில் மறுபடி ஆள் சேர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அப்பாயியின் தங்கை அந்த ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறியவர் என்பதால் இந்த உதாரணத்தை வீட்டில் உரக்கச் சொல்வதில்லை.

மலைநாட்டுச் சிறப்புவிதிகள் இரண்டு. ஒன்று, குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு. தை, மாசியில் உறைபனி விழுந்து கொழுந்தே கருகும் ஊரில் இந்தக் கிருமிகள் அரைப்பேருக்குத்தான் வேலை செய்யும். ஹீட்டர் இல்லாத தொட்டியில் தங்கமீன் தாக்குப்பிடிக்கும், கப்பி தாங்காது. அந்த மாதங்களில் தீனியைப் பாதியாக்கி, பஞ்சில் கைவைப்பதைத் தள்ளிப்போடுவதே முறை.

மற்றது, தண்ணீரின் குணம். நம் ஊற்றுத் தண்ணீரில் சுண்ணச்சத்து குறைவு. ஒரு பங்கு அமோனியா நைட்ரசனை மாற்ற ஏறக்குறைய ஏழு பங்கு காரச்சத்து செலவாகிறது. அது தீர்ந்தால் தண்ணீர் புளிக்கும், பிஎச் 6க்குக் கீழே போனால் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். 4.5 முதல் 5.5 வரையான அமில மண் தேயிலைக்குக் கொண்டாட்டம், பஞ்சில் உள்ளோருக்குப் பட்டினி. கவ்வாத்துக்குப் பிறகு மலைக்கு டொலமைட் போடுகிறோமே, அதே கணக்கில் உடைத்த சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி பில்டரில் வைக்கலாம். அப்பாயி அன்போடு நீட்டும் வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். அது பிஎச்சை ஒரே தூக்காகத் தூக்கி மீனைக் கொன்றுவிடும்.

செய்முறை. பிளக்கைக் கழற்றிய பிறகே தொட்டிக்குள் கைவிடுக. வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, பஞ்சை அதில் முக்கி, முறுக்காமல் மூன்று நான்கு முறை அமுக்கிப் பிழிக. முதல் பிழிவில் வாளி பிளேன்டீ நிறமாகும். பஞ்சு வெள்ளையாகும்வரை பிழிகிறவர் அப்பாயி மதத்துக்கு மாறிவிட்டார் என்று பொருள். பிறகு மோட்டரின் மூடியைத் திறந்து காந்தத்தோடு ஒட்டிய சின்ன விசிறியை இழுத்தெடுக்க வேண்டும். அதன்மேல் வழுவழுவென்று ஒரு படலம் படிந்திருக்கும். பல பேர் பஞ்சையே குற்றம் சொல்லி இதை மறந்துவிடுகிறார்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் விசிறியையும் அது உட்காரும் குழியையும் தேய்த்தால், செத்தது என்று நினைத்த மோட்டர் எழுந்துவிடும். திரும்பப் போட்டதும் கடகடவென்றால் உள்ளே காற்று, சற்றே சாய்த்தால் போய்விடும். இரண்டு பஞ்சு இருந்தால் இந்த வாரம் ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது. எப்போது தொடங்குவது என்பதற்கு நாட்கணக்குப் பார்க்க வேண்டாம், நீரோட்டம் தளர்வதே அழைப்பு மணி.

டவுன் பைப் தண்ணீரில் பிழியக்கூடாது என்பது குளோரினை நினைத்துச் செய்த விதி. ஊற்றிலிருந்து நேரே குழாயில் வரும் தோட்டங்களில் அந்தக் காரணம் விழுந்துவிடுகிறது, குளிர் மட்டும் நிற்கிறது. வாளி எப்படியும் கையில்தானே இருக்கிறது.

மின்வெட்டு இயலும் ஒன்று உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டியபோது மூடிய வகை பில்டர்களுக்குள் பிராணவாயு தீர்ந்து, உள்ளே இருந்தவை செத்து அழுகின. கரண்ட் வந்த சந்தோஷத்தில் அப்படியே சுவிட்சைப் போட்டவர்கள் அந்த அழுகலை மீனுக்கே ஊட்டினார்கள். நெடுநேரம் நின்ற பில்டரில் உள்ள தண்ணீரைக் கொட்டி, பஞ்சை அலசிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

பிழிந்த வாளி யாருக்கு என்பது தனி வழக்கு. நைட்ரேட்டும் மீன் எருவும் கலந்த தண்ணீர் என்பதால் மாமா தன் ரோசாவுக்குக் கேட்கிறார், அப்பாயி லீக்ஸ் பாத்திக்குக் கேட்கிறார். பஞ்சை அழுக்கு என்று தள்ளிய அப்பாயி வாளியை மட்டும் எவர் கையிலும் கொடுப்பதில்லை. லீக்ஸ், பிறகு கரட், பிறகு வாசல் மல்லி. அதற்கும் மேல் மிஞ்சினால் மாமாவின் ரோசாவுக்கு.