தள்ளுவண்டிக்காரருக்கு நாலு வார்த்தை

வாய்யா பேராண்டி, உக்காரு. நீ கார் வாங்கினதுலேருந்து ஊர்ல சுகர் குறைஞ்சுபோச்சாம். விடிஞ்சதும் உன் வண்டியத் தள்ளிவிட்டா உடம்பு வளையுதுன்னு டீக்கடையில பேசிக்கிடுறாக. அந்தப் புண்ணியத்தக் கெடுத்துறாத.

நேத்து மீட்டரத் தூக்கிட்டு, "பன்னெண்டு வோல்ட் காட்டுது, பேட்டரி ஜோரா இருக்கு"ன்னு திரிஞ்சியே, எனக்குப் பூரிச்சுப்போச்சு. உள்ள ஆறு செல்லுய்யா. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வோல்ட்டும் சொச்சமும். வயிறு நிறைஞ்சிருந்தா 12.6 காட்டும். வெறும் 12ன்னா சட்டி காலி, அகப்பையில ஒட்டுனதுதான் மிச்சம். அதுவும் ஓட்டி நிறுத்துன கையோட பாத்தா மீட்டர் பொய் சொல்லும். ராத்திரி பூரா நின்ன வண்டியில, விடியக்காலம் பாக்கணும்.

மேல 35 ஏஎச்னு போட்டிருக்கே, ஆம்பியர் அவர்னு நீ படிச்சவன், உனக்குத் தெரியும். ஒண்ணே முக்கா ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தா வர்ற கணக்கு அது. நம்ம ஊத்துக் கிணறு மாதிரிதான்: மொண்டு மொண்டு எடுத்தா ஊரே குடிக்கும், மோட்டார் வச்சு இழுத்தா அரை மணியில சேறு.

ஆனா ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நிதானம் ஏது? சாவியத் திருகினதும் நூறு ஆம்பியருக்கு மேல கேக்கும். அந்த ஒரே இழுப்புக்கு எம்புட்டுத் தரும்னு சொல்லத்தான் சிசிஏன்னு இன்னொரு எண்ணு. மைனஸ் 18 டிகிரிக் குளிர்ல 30 செகண்டு தாக்குப்பிடிக்கிற அளவு அது. அத ஒண்ண மட்டும் பாத்து நீ பேட்டரி வாங்கினது, சித்திரை வெயில்ல கம்பளி போத்துனாப்புல. நமக்கு எமன் வெக்கைதான். தண்ணி வத்தும், தகடு அரிக்கும். வத்துனா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். நீ நம்ம அடிபம்பு உப்புத்தண்ணிய ஊத்துன பாரு, பேட்டரிக்குக் கறிக்கொழம்பா வச்ச?

இன்ஜின அணைச்சுப்புட்டு நடுச்சாமம் வரைக்கும் பாட்டுக் கேக்குறத விட்டுறாத. அப்புறம் பசிச்ச வயித்தோட வாரக்கணக்கா நிறுத்தி வையி. தகட்டுல உப்பு படிஞ்சு இறுகிரும். பெறகு சார்ஜ் போட்டாலும் ஏறாது. ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிசம் உறுமவிட்டு அணைக்கிறியே, ஸ்டார்ட்டர் எடுத்தத இன்ஜின் திருப்பிக் குடுக்குறதுக்குள்ள வாயப் பொத்திர்ற.

சரி, இப்பத் திருகு பாப்போம். டிக்குடிக்குன்னு மட்டும் கேக்குதா? சாவிய ஆன்லயே வையி. ரெண்டாம் கியரப் போட்டுக் கிளட்ச்ச மிதிச்சுக்கோ. டீக்கடைப் பயலுக வேட்டிய மடிச்சுக் கட்டிட்டானுக.